சாமிக்கு ஒரு சாண் பூ: புதிதாகத் தொடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

அப்பா இறந்த வருடம் நான் கோயிலுக்குப் போவதை விடவில்லை. ஆனால் போய் நின்றால் மனசு நிற்காது. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வராந்தா வரும். திறந்தால் முன்னால் நிற்பவரின் முதுகு. வீட்டில் தியானம் செய்து பார்த்தேன், அதுவும் கைகூடவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு நாள் சாயங்காலம் ஒரு முறம் மல்லி மொட்டையும் நனைத்த வாழை நாரையும் என் முன்னால் வைத்து, "இதைக் கட்டு. விட்டா ராத்திரிக்குள்ள விரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கட்டத் தெரியாது. அவரை இரண்டு தரம் கூப்பிட்டுக் கேட்டு, அவிழ்த்து, மறுபடி கட்டி, ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் கூடத்தில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தனியாக இருந்ததாகவே தோன்றவில்லை.

இது நடந்து 11 வருடம் ஆகிறது. அன்றிலிருந்து முடிந்த நாளெல்லாம் கட்டுகிறேன். பக்தியை மனசிலிருந்து தொடங்க முடியாதவர்கள் கையிலிருந்து தொடங்கலாம் என்பது என் அனுபவம். திருநாவுக்கரசர் தன் நெஞ்சைக் கூப்பிட்டு, நிலைபெற வேண்டுமென்றால் வா என்று சொல்லும் இடத்திலும் முதலில் வேலையைத்தான் சொல்கிறார்: விடியுமுன் கோயிலைப் பெருக்கு, மெழுகு, பூமாலை கட்டு. பாட்டும் கும்பிடுவதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் ஒரு செடி

கடையில் உதிரிப்பூ வாங்கியும் கட்டலாம், தப்பே இல்லை. ஆனால் ஒரு செடியாவது உங்களுடையதாக இருக்கட்டும். பூ எங்கிருந்து வருகிறது என்று தினமும் பார்க்காமல் நேரே நாரை எடுத்தால் பாதி விஷயம் போய்விடும்.

அடுக்குமாடி வீடாக இருந்தாலும் தொட்டி வைக்க ஒரு ஜன்னலோரம் கிடைக்கும். அங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மல்லிக்கு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அது இல்லாத இடத்தில் மல்லியை வைத்தால் இலையாகத் தழைக்கும், மொட்டு வைக்காது. வெயில் குறைவென்றால் நந்தியாவட்டை வையுங்கள். அது அரைநிழலிலும் பூக்கும், வருடம் பூராவும் பூக்கும், காம்பு நீளமாக இருப்பதால் கட்டிப் பழகவும் லேசு. துளசி ஒரு தொட்டி கூடவே இருந்தால் நல்லது. பூ இல்லாத நாளில் அது கைகொடுக்கும்.

செம்மண், கொஞ்சம் மணல், மக்கிய தொழு உரம் கலந்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள தொட்டியில் நடுங்கள். மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். அதனால் மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்ய வேண்டும். நன்றாக வளர்ந்த செடியை வெட்டக் கை வராது, எனக்கும் முதல் வருடம் வரவில்லை. வெட்டாமல் விட்டேன், பங்குனியில் பத்து மொட்டுதான் கண்டேன். அடுத்த தையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். சித்திரையில் முறம் நிறைந்தது.

செடி வந்த முதல் வாரம் ஒன்றும் பறிக்காதீர்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போய்ச் சும்மா நில்லுங்கள். போனை உள்ளே வைத்துவிட்டுப் போங்கள். மொட்டு முந்தாநாள் எந்த அளவில் இருந்தது, இன்று எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். மல்லி மொட்டு முற்றும் வரை பச்சை கலந்து இருக்கும். முற்றிய அன்று காலையில் பால்வெள்ளையாகி, சாயங்காலம் இருட்டும்போது அவிழும். நாளை அவிழப் போவது எது என்று ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிய ஆரம்பித்துவிடும். இந்தப் பார்வை பழகுவது வழிபாட்டில் பாதி என்று நான் நம்புகிறேன். நாம் கண்ணயர்ந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஒவ்வொரு காம்பிலும் வேலை பார்த்துவிட்டுப் போயிருப்பது கண்கூடாகத் தெரியும்.

பறிப்பது

விடிந்தும் விடியாத நேரம்தான் நல்லது. வெயில் ஏறினால் பூவில் ஈரம் குறையும், சீக்கிரம் வாடும். குளித்துவிட்டோ, குறைந்தது கைகால் கழுவிவிட்டோ போங்கள். செடியைத் தொட்டு ஒரு நொடி நின்று, எடுத்துக்கொள்ளட்டுமா என்று மனசுக்குள் கேட்டுவிட்டு எடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இருட்டிய பிறகு செடியில் கை வைப்பதில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார், அறுபத்துமூவரில் ஒருவர். அவர் செய்த தொண்டே பூத்தொடுத்ததுதான். விடியுமுன் எழுந்து குளித்து, மரக்கிளையில் பூக்கும் கோட்டுப்பூ, தரைச்செடியில் பூக்கும் நிலப்பூ, குளத்து நீர்ப்பூ, கொடிப்பூ என்று இனம் பிரித்துப் பறித்துத் தனித்தனிக் கூடைகளில் வைப்பாராம். இதைச் சடங்குக்காகச் செய்தது என்று நினைத்திருந்தேன். கட்டத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. செம்பருத்தி சீக்கிரம் துவளும், அரளி பொழுது சாயும் வரை தாங்கும், தாமரை தண்ணீரில் நின்றால்தான் நிற்கும். ஒரே கூடையில் போட்டால் கனமான பூ மெல்லிய பூவை நசுக்கும். ஒவ்வொரு பூவையும் அதனதன் இயல்பு தெரிந்து கையாண்டவர் அவர்.

சிதம்பரத்துப் புலிக்கால் முனிவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேனீ வாய் வைப்பதற்கு முன்னால் பூவைப் பறித்துவிட வேண்டும் என்பதற்காக, இருட்டில் மரமேற வசதியாகப் புலியின் காலையும் கண்ணையும் கேட்டு வாங்கியவர். அந்தத் தவிப்பை நான் வணங்குகிறேன். ஆனால் என் செடியில் தேனீக்கு மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுகிறேன். தேனீயும் சாமியுடையதுதானே.

சில கண்டிப்பான விஷயங்கள். அடுத்த வீட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே தொங்குகிற பூவானாலும் கேட்காமல் பறிக்க வேண்டாம். அரளி, எருக்கு இரண்டும் சாமிக்கு உகந்தவை, ஆனால் இரண்டுமே நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இவற்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தில் வைக்காதீர்கள், குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டும்படி போடாதீர்கள்.

கீழே விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்பார்கள். பவளமல்லிக்கு மட்டும் விலக்கு. அது இரவில் பூத்து, விடியும்போது தானே உதிரும். எங்கள் பின்கட்டில் ஒரு மரம் இருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் ராத்திரி ஒரு பழைய வேட்டியை மரத்தடியில் விரித்துவிட்டுப் படுப்பேன். காலை ஐந்து மணிக்கு விளக்கில்லாமல் போய் உட்கார்ந்தால், பூ விழுகிற சத்தம் கேட்கும். சத்தம் என்று சொல்வதே அதிகம், துணியில் யாரோ விரல் நுனியால் ஒற்றியது மாதிரி இருக்கும். ஒன்று விழும், நேரமாகும், அப்புறம் மூன்று சேர்ந்து விழும். வெளிச்சம் வரும்போது வேட்டி நிறைய வெள்ளை இதழ்கள், நடுவில் காவி நிறக் காம்பு. யாரும் பறிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் ஒன்றும் வேண்டிக்கொள்வதில்லை, வேண்டத் தோன்றுவதுமில்லை. பவளமல்லியைக் கட்ட வராது, இதழ் கழன்றுவிடும். மெல்லிய ஊசியில் நூலைக் கோத்து, காவிக் காம்புக் குழாயின் உள்ளே விட்டு ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும்.

நார்

நைலான் நூல் வேண்டாம். காம்பை அறுக்கும், மண்ணில் மக்காது. பருத்தி நூல் பழகுவதற்கு எளிது. ஆனால் வாழை நாருக்கு ஈடு எதுவும் இல்லை.

வாழை மரம் வெட்டிய வீட்டில் தண்டின் வெளிமட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். கொடுக்காதவர்கள் கிடையாது, தூக்கிப் போடுகிற பொருள்தான். மட்டையை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, நிழலில் மூன்று நான்கு நாள் காய விடுங்கள். காய்ந்ததும் வைக்கோல் நிறத்துக்கு வரும். அதைச் சுருட்டி வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் கெடாது. கட்டுவதற்குக் கால்மணி முன்பு தேவையானதைத் தண்ணீரில் போட்டு எடுத்து, நகத்தால் கீறித் தீக்குச்சியில் பாதி கனத்துக்கு இழைகளாகப் பிரியுங்கள். நார் ஈரமாக இருக்கும்போது வளையும், காயும்போது இறுகிப் பிடிக்கும். நார் தீர்ந்தால் அடுத்த இழையை முடிந்து நீட்டிக்கொள்ளலாம்.

முடிச்சு

எழுத்தில் படிக்கும்போது சிக்கலாகத் தெரியும். பூவை வைத்துக்கொண்டு படித்தால் விளங்கிவிடும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்.

சம்மணம் போட்டு உட்காருங்கள். பூ இடது பக்கம் முறத்தில் இருக்கட்டும், மேலே ஈரத்துணி போட்டு மூடி. நாரின் நுனியில் ஒரு சாண் விட்டு, அந்த இடத்தை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். விட்ட சாண் பின்னால் மாலையைக் கட்டித் தொங்கவிட உதவும்.

இரண்டு மொட்டுகளை எடுத்து, தலை இடது பக்கம் பார்க்க, காம்பு நாரின் மேல் படும்படி கட்டைவிரலின் கீழ் வையுங்கள். இன்னும் இரண்டு மொட்டுகளைத் தலை வலது பக்கம் பார்க்க, முதல் காம்புகளின் மேல் இவற்றின் காம்பு படியும்படி வையுங்கள். இப்போது நான்கு காம்பும் நடுவில் ஒன்றாகக் கூடியிருக்கும், தலைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்.

வலது கையில் இருக்கும் நீள நாரைக் காம்புகளின் மேலாகக் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அடுத்து அதே நாரை வலது கை விரலில் ஒரு முறுக்கு முறுக்கினால் சின்னக் கண்ணி விழும். அந்தக் கண்ணியை ஒரு பக்கத்து மொட்டுகளின் தலை வழியாக நுழைத்துக் காம்பு கூடும் இடத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக இழுங்கள். முடிச்சு விழுந்துவிட்டது. அடுத்த நான்கு மொட்டுகளை இதற்கு ஒட்டினாற்போல வைத்து, மறுபடி ஒரு சுற்று, ஒரு கண்ணி, ஒரு இழுப்பு.

எல்லாம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. வேகமாக இழுத்தால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். தளர விட்டால் மாலையைத் தூக்கும்போது உதிரும். நான் முதல் முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோன மாலை குருக்கள் கையில் எடுத்ததுமே பாதி உதிர்ந்துவிட்டது. கண் கலங்கி நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உதிர்ந்ததை அள்ளித் தட்டில் வைத்து அர்ச்சனைக்கு எடுத்துக்கொண்டார். காம்பு கொஞ்சம் நசுங்குகிற மாதிரி விரலுக்குத் தெரியும் ஒரு கணம் உண்டு. அங்கே நிறுத்த வேண்டும். இதை யாரும் சொல்லித்தர முடியாது, இருநூறு முடிச்சுப் போட்டால் விரல் கற்றுக்கொள்ளும்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு சாண் போதும். முழம் கணக்கெல்லாம் பிறகு. கை பழகியதும் நடுநடுவே மருவோ மரிக்கொழுந்தோ துளசிக் கதிரோ ஒரு கொத்து வைத்துப் பாருங்கள். பச்சை வந்ததும் வெள்ளை இன்னும் வெளுப்பாகத் தெரியும். எத்தனை வெள்ளைக்கு ஒரு பச்சை என்பது உங்கள் இஷ்டம். அங்கேதான் உங்கள் கற்பனைக்கு இடம். முருக நாயனார் கோவை, இண்டை, கண்ணி, பிணையல், தொங்கல் என்று எத்தனையோ விதமாகக் கட்டியிருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் செவ்வரளியையும் வெள்ளரளியையும் நொச்சி இலையையும் மடித்துப் பாய் பின்னுவது போல மாணிக்கமாலை கட்டுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஊர்ப் பூச்சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள்.

கட்டும்போது

டிவி, பாட்டு, பேச்சு எதுவும் வேண்டாம். பத்து நிமிடம் போனதும் மனசு கிளம்பிவிடும். பாக்கி வைத்த பில், யாரோ சொன்ன சொல், நாளைக்கான சமையல் எல்லாம் வரும். வரட்டும். முடிச்சுப் போடும் இழுப்பில் மட்டும் உங்கள் சாமியின் பெயரை ஒரு தரம் சொல்லிக்கொள்ளுங்கள். முருகா என்றோ நாராயணா என்றோ அம்மா என்றோ, எது வாய்க்கு வருகிறதோ அது. ஒரு முடிச்சு, ஒரு பெயர். மனசு எங்கே போனாலும் அடுத்த முடிச்சுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பூ விழுந்துவிடும். உட்கார்ந்து ஜபம் பண்ண முடியாத எனக்கு இது பெரிய வரம்.

ஒன்றும் தோன்றாத நாளும் வரும். வாசனை மட்டும் இருக்கும், அவர் இருப்பதாகத் தெரியாது. அப்படி வாரக்கணக்கில்கூட எனக்குப் போயிருக்கிறது. அந்த நாட்களில் மாலை மோசமாக வரவில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அதனால் உணர்வு வருகிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கட்டாதீர்கள். பூவைப் பாருங்கள்.

முகர்ந்து பார்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சாத்துவதற்கு முன் முகரக் கூடாது என்பது முறை, நானும் மூக்கருகே கொண்டுபோவதில்லை. ஆனால் கட்டும்போது கூடம் முழுக்க மணக்கும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஶ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து அந்த ஊர்ப் பெருமாள் வடபத்ரசாயிக்கு மாலை கட்டினார். அவர் மகள் கோதை அதைத் தன் கழுத்தில் போட்டு அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அப்பா பதறிப்போய் வேறு மாலை கட்டிக் கொண்டுபோனார், பெருமாளோ அவள் சூடியதைத்தான் கேட்டார். இன்றும் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு மதுரைக்கும் போகிறது. முறையைக் கடைப்பிடியுங்கள். தவறிவிட்டால் பயந்து நடுங்க வேண்டாம்.

சாத்துவதும் களைவதும்

கட்டி முடித்ததும் தண்ணீர் தெளித்து, வாழை இலையில் சுற்றி வையுங்கள். நீங்களே வீட்டில் சாத்துங்கள். கோயிலுக்குக் கொண்டுபோனால் நீளம், கனம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளையாருக்கு அருகம்புல், சிவனுக்கு வில்வம், பெருமாளுக்குத் துளசி, அம்மனுக்குச் செவ்வரளி என்று உண்டு. தாழம்பூவைச் சிவனுக்குச் சாத்துவதில்லை. ஒன்றும் கிடைக்காத நாளில் ஒரு பச்சிலை போதும் என்று திருமூலரே சொல்லிவிட்டார். நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், தர்காவுக்குப் பூப்போர்வை கொடுக்கிறவராக இருந்தாலும் மேலே சொன்ன செடியும் நாரும் முடிச்சும் அப்படியே பொருந்தும்.

சாத்திவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். ஐந்து நிமிடம் எதிரில் உட்காருங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த மொட்டு இப்போது அவர் தோளில் இருக்கிறது. மல்லி என்றால் ராத்திரி எட்டு மணி வாக்கில் விளக்கு வெளிச்சத்திலேயே அவிழத் தொடங்கும்.

மறுநாள் காலையில் களைந்த பூவைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, பிளாஸ்டிக் பையில் கட்டி ஆற்றில் விடவும் கூடாது. வாழை நாரில் கட்டியிருந்தால் அப்படியே செடியடியில் புதைத்துவிடலாம். தொட்டியின் ஓரமாக நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, பூவைப் போட்டு, மூடி, தண்ணீர் விடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் கழித்துத் தோண்டினால் நாரின் நரம்பு மட்டும் அங்கங்கே தெரியும். அதற்குள் அதே செடியில் அடுத்த மொட்டு பச்சையாக எட்டிப் பார்த்திருக்கும்.